மரியாளுக்கு யோசேப்பு என்ன முறை

சுபாஜினி டீச்சருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். பெருக்குவாள். பெருக்கின இடத்தையே மறுபடியும் மறுபடியும் பெருக்குவாள். அந்த டிசம்பர் மாதம் மேக்கணக்குச் சேர்ச்சின் தரை கண்ணாடி மாதிரி இருந்ததைப் பார்த்து, டீச்சருக்கு என்ன பக்தி என்று மெச்சிக்கொண்டவர்கள் உண்டு. பக்தியாவது மண்ணாவது. அந்த மாதம் அவள் உயிரை எடுக்காத ஆள் அந்தத் தோட்டத்தில் ஒருவரும் பாக்கியில்லை.

டீச்சர் என்று கூப்பிடுகிறார்களே தவிர, அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. ஸ்பிரிங்வெளிப் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே படி ஏறி, மூச்சு வாங்கி நின்றால் வருகிற, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தான் மேக்கணக்கு. அங்கே கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. கிழமை நாட்களில் அவளுக்கு அங்கே வேலை. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் ஞாயிறு பாடசாலை. ஆக, அடுத்தவர் பெற்ற பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவதே அவள் பிழைப்பாகிவிட்டது. கல்யாணம் முடித்த கொஞ்ச காலத்தில் புருஷன் கொழும்பில் கட்டட வேலையில் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். சொந்தப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி யாராவது "பாவம்" என்று இழுத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கா பிள்ளை இல்லை, ஒரு நாள் வந்து இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பாள்.

முதலில் அந்த ஞாயிறு பாடசாலைக்குச் சேர்ச் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு கைப்பிடிதான் வந்தன. மற்ற லயமெல்லாம் மாரியம்மன் கோயில் ஆட்கள். கொழுந்து குவிகிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போவார்கள். அன்றைக்கு எடுக்கிற கொழுந்துக்கு அன்றைக்கே காசு. அதனால் அதற்குப் பேரே கைக்காசு. ஆனால் அன்றைக்குப் பிள்ளைக்காம்பரா பூட்டு. அப்படி ஒரு ஞாயிறு, ஒரு தாய் இரண்டு பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போனாள். பிள்ளைகள் அடுப்பைக் கிளறி விளையாட, விறகு பிடித்து, காம்பரா முழுக்கப் புகை. கதவை உடைத்து இழுத்தவர்களில் சுபாஜினியும் ஒருத்தி. மூத்த பிள்ளைக்குக் கையில் தோல் சுருண்டது சுருண்டதுதான். அதற்கு அடுத்த ஞாயிறு அவள் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. லயம் லயமாகப் போனாள். பூட்டப் போன கதவுகளுக்கு முன்னால் நின்று, நீ எந்தச் சாமியை வேணுமானாலும் கும்பிடு, பிள்ளையை இங்கே குடு என்று வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து திருநீறு பூசின பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து கோலியாத்தைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தன. ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை பதுளை டவுனிலிருந்து வந்தது. புதிதாக வந்த பாஸ்டர் கஜேந்திரன் இளம் வயது, நல்ல மனுஷன், எப்போதும் சிரித்த முகம். அதுதான் தொல்லை, வாய்விட்டுத் திட்டவும் முடியாது. கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து அவருக்குக் குடும்ப ஊழியம், குடும்ப ஊழியம் என்று ஒரே பாட்டு. பிள்ளைகள் மட்டும் வந்தால் பத்தாதாம். குடும்பமாக வரவேண்டுமாம். மேக்கணக்கில் பெற்றோர் முகத்தையே காணவில்லையே, இது ஞாயிறு பாடசாலையா, பிள்ளை பார்க்கிற இடமா என்று டவுன் சபைக்குழு கேட்கிறதாம். இந்த முறை இயேசு பிறப்பைக் கொண்டாடுகிற நத்தார் நிகழ்ச்சிக்குக் குழுவே வரப்போகிறது, கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் அதன் குடும்பத்தில் ஒருவர் வந்து நிற்கவேண்டும், தலையில் கை வைத்து ஜெபிப்பேன், அதைப் பார்த்தால் குழுவுக்குத் திருப்தி என்றார். ஒரு பிள்ளை தனியாக நின்றாலும் கஷ்டம்தான் என்றார். திருப்தி இல்லாவிட்டால் மேக்கணக்கை மூடி, டவுன் ஞாயிறு பாடசாலையோடு சேர்த்துவிடுவார்களாம்.

டவுனுக்கு எந்தப் பிள்ளை பஸ் ஏறிப் போகும்? ஒன்றும் போகாது. கதவுகளில் மறுபடியும் பூட்டுத் தொங்கும், அவ்வளவுதான். இதை அவள் பாஸ்டரிடம் எடுத்துச் சொன்னாள். அவர் அக்கறையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அதற்காகத்தான் சிஸ்டர், பெற்றோர் வரவேண்டும் என்கிறோம் என்றார். பெற்றவர்கள் வீட்டில் இருக்க முடிந்தால் கதவை எதற்கையா பூட்டுகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தவள், அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்ததும் போய் விளக்குமாற்றை எடுத்தாள்.

பெற்றவர்களை இழுத்துவர அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, பிள்ளைகளுக்கு வேஷம் கட்டிவிடுவது. தன் பிள்ளை வேஷம் போட்டு நிற்கிறது என்றால் கைக்காசாவது ஒன்றாவது என்று எந்தத் தாயும் ஓடிவருவாள். ஆகவே கூப்பிட்டால் வருகிற எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வேஷம் என்று முடிவுகட்டினாள். மேய்ப்பர்கள் மலிந்துபோனார்கள். ஆடுகள் அதைவிட. மரியாளுக்குக் கீழ் லயத்து மேனுஷா. வாயாடி, ஆனால் வசனத்தை ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொள்வாள். யோசேப்புக்குக் கிரிஷாந்தன்.

கிரிஷாந்தன் உயரமான, அமைதியான பையன். அவன் தாய் சந்திரகாந்தி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் வருஷங்களாகிவிட்டன. அப்பன் கொழும்பில் ஒரு கடையில். பண்டிகைக்குப் பண்டிகை தலையைக் காட்டுவான். பையன் சித்தப்பன் விஜேந்திரனோடு இருந்தான். இருந்தான் என்றால், சித்தப்பன் டவுன் கடையில் வேலை முடித்து வருகிறவரை தனியாக இருந்தான். யாரும் சொல்லாமலே ஞாயிறு காலையில் வந்து சேர்ச் கதவில் சாய்ந்துகொண்டு நிற்பான். சுபாஜினிக்கு அவன்மேல் தனிப் பாசம். அதை அவனிடம் அதட்டலாகத்தான் காட்டுவாள்.

ஒத்திகை தொடங்கின சூட்டோடு மேனுஷாவின் தாய் கருப்பம்மா வந்துவிட்டாள். மலையிலிருந்து நேரே, கூடையைக்கூட இறக்காமல். அண்ணனையும் தங்கச்சியையும் புருஷன் பொஞ்சாதியாக நிற்கவைப்பது எந்த ஊர் நியாயம் என்று வாசலில் நின்றே ஆரம்பித்தாள். சுபாஜினிக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த அண்ணன், எந்தத் தங்கச்சி என்று கேட்டாள். விஷயம் இதுதான். கருப்பம்மாவின் புருஷன் வீரய்யாவும் கிரிஷாந்தனின் அப்பனும் பங்காளிகள், இரண்டு பேருடைய தாத்தாக்களும் கூடப்பிறந்தவர்கள். அப்படியானால் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி முறை.

எரிச்சல் என்னவென்றால், அந்த இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிற நிலத் துண்டுக்கு வேலி போட்டதில் சண்டை வந்து, கருப்பம்மாவும் சந்திரகாந்தியும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சந்திரகாந்தி வெளிநாடு புறப்பட்ட அன்று லயமே கூடி அழுதபோது, கருப்பம்மா உள்ளே இருந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். இது எல்லாருக்கும் தெரியும். சுபாஜினி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"பேச்சே இல்லையேக்கா. அப்புறம் என்ன அண்ணன், தங்கச்சி?"

"பேசலன்னா முறை போயிடுமா டீச்சர்? அவன் எம் மகளுக்கு அண்ணன்தான். நீங்க வேற ஆளப் பாருங்க."

இது வேஷம்தானே என்று சுபாஜினி சொல்லிப் பார்த்தாள். மாட்டுத் தொழுவத்தில் சும்மா பக்கத்தில் நிற்பதுதான் என்றாள். கருப்பம்மா மசியவில்லை. கீழ் லயத்துப் பொம்பளைகள் எல்லாரையும் திரட்டி, எங்கள் பிள்ளை ஒன்றையும் அனுப்பமாட்டோம் என்று சொல்ல வைத்துவிட்டாள். கீழ் லயம் வராவிட்டால் சேர்ச்சில் பாதி காலி. சுபாஜினி அன்றைக்குப் பெருக்கின பெருக்கில் சீமெந்துத் தரை தேயாமல் இருந்ததே பெரிய காரியம்.

சரி, முறையில்லாத பையனைத்தானே வேண்டாம் என்கிறீர்கள், முறையுள்ள பையனைப் போடுகிறேன் என்று கருப்பம்மாவின் சொந்தத் தம்பி மகன் பிரவீனனைப் பிடித்து யோசேப்பாக்கினாள். மேனுஷாவுக்கு முறைப்பையன். இனி யார் வாயைத் திறப்பார்கள் என்று அவளுக்குத் தன் சாமர்த்தியத்தில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமை மறுநாள் சாயந்தரம்வரை தாங்கவில்லை.

வந்தது வீரய்யா. அவன் கருப்பம்மா மாதிரி இல்லை, மரியாதைக்காரன். வாயிலிருந்த வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். முறைப்பையனைப் பக்கத்தில் நிற்கவைத்து, ஊர் முன்னால் பிள்ளையும் தூக்க வைத்தால், நாளைக்கு மச்சான் தாம்பாளத்தோடு வந்து நின்றுவிடுவானே டீச்சர், அன்றைக்கே ஜோடி சேர்த்துப் பார்த்தோமே என்பானே என்றான். "எம் மகள நான் படிக்க வைக்கணும் டீச்சர். இந்தப் பேச்சு இப்பவே கிளம்பக்கூடாது," என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சுபாஜினியை இன்னும் வெறுப்பேற்றியது. அண்ணன் முறையானால் பாவம், மச்சான் முறையானால் சம்பந்தம். இந்தத் தோட்டத்தில் மூன்றாவதாக ஒரு முறையே கிடையாது. எந்தப் பையனைத் தொட்டாலும் ஒன்று இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். பெத்லகேமில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் கிறிஸ்மஸே வந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. மரியாளுக்கு நான் எங்கே போய் மாப்பிள்ளை தேடுவேன் என்று வீரய்யாவிடமே கேட்டுவிட்டாள்.

வீரய்யா விழித்தான். பெண் வேஷத்துக்கு எதற்காகப் பெண்பிள்ளையைப் போட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டான். காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவது யார், ஆம்பிளைதானே. மாசி மாதம் தோட்டமே உட்கார்ந்து பார்க்கிறது, யாராவது முறை கேட்டார்களா? இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சுபாஜினி பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

ஆக மரியாள் வேஷம் பிரவீனனுக்குப் போயிற்று. அவன் குதியாய்க் குதித்தான், தாயின் சிவப்புச் சேலையை அன்றைக்கே கட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றிவந்தான். யோசேப்பு மறுபடியும் கிரிஷாந்தன். மேனுஷா கொஞ்ச நேரம் தேம்பினாள். தேவதூதனுக்கு இறக்கை உண்டு, மரியாளைவிட வசனமும் அதிகம் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரியாள் ஆண்பிள்ளை என்று கேட்டபோது பாஸ்டரின் சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் வாடியது. அப்படிச் செய்யாவிட்டால் குடும்பம் வராது பாஸ்டர் என்றாள் சுபாஜினி. குடும்பம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தலையாட்டிவிட்டார்.

பிறகு வீடு வீடாக நடை. இன்னார் பிள்ளைக்கு இன்னார் நிற்பது என்று ஒவ்வொரு காம்பராவிலும் வாக்கு வாங்கினாள். நிகழ்ச்சி வைத்த ஞாயிறும் கைக்காசு வேலை இருந்தது. இடையில் இறங்கிவந்து நின்றுவிட்டு, கொழுந்தை நிறுக்கிற நிறுவைக்குள் திரும்பிப் போய்விடுகிறோம் என்றார்கள் பெண்கள். கருப்பம்மாவும் வர ஒத்துக்கொண்டாள், ஆனால் வாசலோடு சரி. நாங்கள் மாரியம்மாளைக் கும்பிடுகிறவர்கள், சிலுவைக்கு முன்னால் வந்தெல்லாம் நிற்கமாட்டேன், மேனுஷாவுக்கு அவள் அப்பன் நிற்கட்டும் என்றாள். சரி, அதுவாவது கிடைத்ததே.

கிரிஷாந்தனுக்குத்தான் ஆள் இல்லை. விஜேந்திரனைத் தேடிப் போய்ச் சொன்னாள். கட்டாயம் வருகிறேன் டீச்சர், கட்டாயம் என்றான். அந்தக் கட்டாயம் அவளுக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை. அவனுக்கு நானே நின்றுகொள்கிறேனே என்று பாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தாள். டீச்சரைக் குழுவுக்குத் தெரியும் சிஸ்டர், டீச்சர் குடும்பமாக முடியாதே என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். இத்தனை வருஷம் இத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள் ஒருவருக்கும் குடும்பம் இல்லையாம். அன்றைக்கு மட்டும் அவள் பெருக்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி அன்று விடிந்ததிலிருந்து மழை. நமுனுகுல மலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனாலும் ஜனம் வந்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, நனையாமல் இடுப்பில் சுற்றின படங்குத் துணியோடு, கூடைகளை வெளியே கூரைக்கடியில் அடுக்கிவிட்டு வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். டவுனிலிருந்து சபைக்குழு குடைகளோடு வந்து முன் வரிசையில் அமர்ந்தது. நடுவில் ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா, கண்ணாடிக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிரவீனன் சேலையை மிதித்து விழப்பார்த்தான். கீழ் லயம் கைதட்டிச் சிரித்தது. ஆடுகள் மேய்ப்பர்களைக் கடித்தன. தேவதூதன் ஒற்றை இறக்கையோடு நின்று ஒரு எழுத்துப் பிசகாமல் வசனம் சொன்னது. பஞ்சுத் தாடி வைத்த கிரிஷாந்தன், பயப்படாதே மரியாளே, நான் இருக்கிறேன் என்று சொன்னபோது, எழுதிக்கொடுத்த சுபாஜினியே அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க மறந்துபோனாள்.

அதற்குப் பிறகு ஆசீர்வாதம். பிள்ளைகள் முன்னால் வரிசையாக நின்றார்கள். பாஸ்டர் கூப்பிட, தகப்பன்மாரும் தாய்மாரும் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்துவந்து அவரவர் பிள்ளைக்குப் பின்னால் நின்றார்கள். வீரய்யா மேனுஷாவின் உடைந்த இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரிசை நிறைந்துகொண்டே வந்தது. கிரிஷாந்தனுக்குப் பின்னால் மட்டும் இடம் காலியாக இருந்தது. விஜேந்திரன் வரவில்லை. சுபாஜினி ஒளிந்து நின்று போன் எடுத்துப் பார்த்தாள், அணைத்து வைத்திருந்தான். பையன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாஸ்டர் ஒவ்வொரு தலையாகக் கை வைத்து ஜெபித்துக்கொண்டு வந்தார். அவர் கிட்டே வரவர சுபாஜினி போனை மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். பாவி விஜேந்திரா, உன் கட்டாயத்தில் இடி விழ என்று மனதுக்குள் வைதாள். குழுவம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கெட்ட மனசோடு கேட்டார் என்று சொல்ல முடியாது, ஆனால் வகுப்பறைக் குரல், எல்லாருக்கும் கேட்டது.

"இந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் இல்லையா?"

கிரிஷாந்தன் தாடியைக் கழற்றத் தொடங்கினான். அதைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே போகப் போகிறான் என்று சுபாஜினிக்குத் தெரிந்துவிட்டது. குழுவாவது, திருப்தியாவது, மூடினால் மூடித் தொலையுங்கள் என்று அவள் ஒரு அடி எடுத்துவைத்தாள். அதற்குள் பின்னால் வாசலோரத்தில் யாரோ வாங்கை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

கருப்பம்மா எழுந்து வந்தாள். முழங்காலளவு படங்கும் சேறு ஒட்டின காலுமாக, வரமாட்டேன் என்று சொன்ன சிலுவைக்கு நேராகவே வந்தாள். பஸ்ஸில் இடம் பிடிக்கப் போகிறவள் மாதிரி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, கிரிஷாந்தனுக்குப் பின்னால் நின்றாள். அவன் கழற்றின தாடியைப் பிடுங்கி, அவன் முகத்தில் மறுபடியும் ஒட்டி அமுக்கினாள். இரண்டு கையையும் அவன் தோளில் வைத்தாள்.

பாஸ்டர் தடுமாறினார். அம்மா, நீங்கள் இவனுக்கு என்று இழுத்தார்.

"பெரியம்மா," என்றாள் கருப்பம்மா. "சுருக்கா ஜெபம் பண்ணுங்க சாமி. நிறுவைக்கு நேரமாச்சு."

பாஸ்டர் கை வைத்தார். அவர் என்ன ஜெபித்தார் என்று சுபாஜினிக்குக் காதில் ஏறவில்லை. கிரிஷாந்தன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகை மட்டும் மெல்ல மெல்ல அந்த ஈரப் படங்குமேல் சாய்த்து, முழுப் பாரத்தையும் கொடுத்து நின்றான். குழுவம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிவில் பாஸ்டர், வருகிற ஞாயிறும் வழமைபோல இதே இடத்தில் ஞாயிறு பாடசாலை என்று அறிவித்தார்.

பெண்கள் கூடைகளை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார்கள். சுபாஜினி மழையோடு ஓடிப் போய்ப் படியில் கருப்பம்மாவின் கையைப் பிடித்தாள். ஒரு மாதமாக இந்தப் பொம்பளை படுத்தின பாட்டுக்கு என்னென்ன கேட்க வைத்திருந்தாள். வந்தது அழுகைதான். கருப்பம்மாவுக்குச் சுத்தமாகப் பொறுமை போய்விட்டது.

"என்ன டீச்சர் நீங்க. ஒரு மாசமா படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அவன் எம் மகளுக்கு அண்ணன்னு. அப்ப நான் அவனுக்கு யாராம்?"